கொடிக்கயிற்றில் கூடு: ஒன்றரை மாதம் துணியை மாடியில் காயப்போடுங்கள்

பால்கனிக் கொடிக்கயிற்றின் நுனியில் குப்பையும் ஒட்டடையும் உருண்டு தொங்குகிறதா? விளக்குமாற்றை எடுக்குமுன் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். மஞ்சள் வயிறும் வளைந்த அலகும் கொண்ட சின்னக் குருவி ஒன்று வந்து அதில் நாரைச் செருகினால், அது தேன்சிட்டு. தென்னிந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வீட்டை ஒட்டிக் கூடு கட்டுவது பெரும்பாலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. தலை முதல் வால் வரை பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது.

கூட்டைக் கட்டுவது பெரும்பாலும் பெண் பறவைதான். முதல் வேலை, சிலந்தி வலையைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றில் ஒரு பிடிமானம் போடுவது. பிறகு நார், பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, புழுக்கழிவு, காகிதக் கிழிசல் என்று கிடைத்ததையெல்லாம் வலையாலேயே ஒட்டும். பக்கவாட்டில் வாசல், அதன்மேல் மழைக்குச் சின்னத் தாழ்வாரம், உள்ளே பஞ்சு மெத்தை. பார்க்க வெறும் அழுக்கு மாதிரி இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. இதில் பசை, கயிறு, தையல் எல்லாமே சிலந்தி வலை. வலை இழுபடும், அறாது. குஞ்சு வளர வளரக் கூடும் சற்று விரிந்துகொடுக்கும். அதனால் வாராவாரம் ஒட்டடை அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் வீட்டுக்குத் தேன்சிட்டு வருவது கஷ்டம். சன்ஷேடுக்கு அடியில் ஒரு மூலையையாவது விட்டுவையுங்கள்.

உதவி செய்கிறேன் என்று உல்லன் நூல், நைலான் இழை, தலைமுடி எதையும் தொங்கவிடாதீர்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் இறுகிக் கால் அழுகிப்போகும். எருக்கம்பஞ்சோ இலவம்பஞ்சோ ஒரு கைப்பிடி, கம்பிக் கூண்டில் வைத்தால் போதும்.

நாள் கணக்கு இது: கட்ட ஒரு வாரம், பத்து நாள். வழக்கமாக இரண்டு முட்டை. அடைகாக்க 14 முதல் 16 நாள். பொரித்தபின் குஞ்சு பறக்க ஏறக்குறைய 17 நாள். ஆக ஒன்றரை மாதம் அந்தக் கயிறு உங்களுடையது இல்லை. கயிற்றில் ஈரத்துணி போட்டால் கூடு ஆடும், சரியும், முட்டை உருளும். கட்டி முடித்த கூட்டை "கொஞ்சம் தள்ளி" மாற்றிக் கட்டவும் கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் வருகிறது.

போர்ட்டிகோவில் மின்விசிறி இருந்தால், குஞ்சு பறக்கத் தொடங்கும் வாரம் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். புறா வலை இரண்டு அங்குலக் கண்ணியாக இருந்தால் தேன்சிட்டு புகுந்துவிடும், காக்கை புகாது. அந்த வகையில் வலை லாபம். கொசு வலைதான் ஆபத்து: தாய் வெளியே போன நேரத்தில் மாட்டினால் குஞ்சு பட்டினி.

கயிறு அறுந்து கூடு விழுந்துவிட்டதா? பாதிக் கொட்டாங்கச்சியில் நான்கு ஓட்டை போட்டு, கூட்டை வாசல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காரவைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில் கட்டுங்கள். உள்ளே போய்விட்டு, ஜன்னல் வழியாக இரண்டு மணிநேரம் பாருங்கள். கைபட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகு முளைக்காத குஞ்சு குளிர்ந்து கிடந்தால், உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகே கூட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர், பால், சோறு எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தேன்சிட்டு என்ற பெயர் இங்கே ஏமாற்றும். குஞ்சுக்கு வேண்டியது தேன் இல்லை, சின்னப் பூச்சியும் சிலந்தியும். செடிக்கு மருந்து அடிக்கும் பால்கனியில் அந்தத் தீனியே இருக்காது.

சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும், எறும்பு வேறு மொய்க்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஒரு இட்லிப்பூ, ஒற்றையடுக்குச் செம்பருத்தி ஒன்று போதும். செம்பருத்தியில் வாய்வழியாகத் தேன் எட்டாவிட்டால் பூவின் அடியில் துளைபோட்டு உறிஞ்சிவிடும். இதழடியில் கீறல் இருந்தால் திருடன் யாரென்று தெரிந்துகொள்ளலாம்.

ஆண் பறவை ஜன்னல் கண்ணாடியையோ பைக் கண்ணாடியையோ கொத்திக்கொண்டே இருந்தால் அதற்குப் பைத்தியமில்லை. அதில் தெரியும் தன் உருவத்தைப் போட்டி ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. வெளிப்பக்கம் பழைய துணியைச் சுற்றிவிட்டால் நின்றுவிடும்.

காக்கையோ ஓணானோ பூனையோ கூட்டைச் சூறையாடுவது சகஜம். மனம் நொந்து கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்; பெரும்பாலும் பக்கத்திலேயே புதிதாக ஆரம்பிக்கும். குஞ்சுகள் நல்லபடியாகப் பறந்துபோனாலும் கூட்டைச் சில வாரம் அப்படியே விடுங்கள். சில சமயம் அதே கூட்டில் இரண்டாம் ஈடும் வைக்கும்.