பூச்சியத்துக்குக் கீழே

திருநெல்வேலியில் உயர்தர ரியூசன் எடுக்கிறேன். போன கிழமை கடைசி வாங்குப் பிள்ளை கேட்டாள்: "சேர், பீ.எச் பூச்சியத்துக்குக் கீழே போகாதோ?"

போகும். பீ.எச் என்பது அமிலத்தன்மையின் அளவு; அது குறையக் குறைய அமிலம் கூடும். 1909இல் கோபன்ஹேகனில், ஒரு பியர் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் (உண்மைதான்!) இரசாயனவியலாளர் சோரன்சன் தந்தது வெறும் மடக்கைக் கணக்கு: ஐதரசன் அயன் செறிவின் மடக்கை, குறியை மாற்றி. 0, 14 என்ற வேலி அதில் இல்லை. அது நிறத்தாள் பார்த்துப் பழகிய எங்கள் பழக்கம். செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் லீற்றருக்கு ஏறக்குறைய 12 மூல். கணக்குப் போட்டால் மறை 1.1 (-1.1). ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் அயன்கள் தனித்தனியாக நடக்காது, அதனால் செறிவை மட்டும் நம்பக்கூடாது. பீ.எச் அளக்கும் கண்ணாடி மின்வாயும் அங்கே பிழைவிடும். கலிபோர்னியாவின் அயன் மவுண்டன் (Iron Mountain) சுரங்க நீரிலோ மறை 3.6 வரை அளந்திருக்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்ப சோதனையில என்ன சேர் எழுதுறது?"