உலுருவில் மாலை ஹெலிகாப்டர்: சூரியன் மறையும் முன்பே ஏறுங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் உலுருப் பாறையை மாலை வெளிச்சத்தில் வானிலிருந்து பார்க்க நினைப்பவர்கள், அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்து அதே நேரத்துக்கு ஹெலிகாப்டர் கேட்கிறார்கள். அது தாமதம். சூரியன் மறையும்போது தரையிறங்கத் தயாராக இருக்கும் பயணம்தான் நல்ல பயணம்.

சிவப்பு நிறத்தை மட்டும் பார்ப்பதற்குத் தரையே போதும். வானில் ஏறுவது பாறையின் வடிவத்தைப் பார்க்க. வடிவத்தைக் காட்டுவது நிழல். சூரியன் அடிவானத்துக்கு 5 பாகை மேலே இருக்கும்போது, அதாவது மறைவதற்குச் சுமார் 25 நிமிடம் முன்பு, 348 மீட்டர் உயரப் பாறையின் நிழல் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் கிழக்கே நீண்டு கிடக்கும். ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் மணற்கல் அடுக்குகள் ஒவ்வொன்றும் அப்போதுதான் வரி வரியாகப் பிரிந்து தெரியும். சூரியன் இறங்கியதும் நிழல் இல்லை. பாறை ஒரே தட்டையான நிறமாகிவிடும். ஜூனில் ஏறத்தாழ மாலை 6 மணிக்கும், டிசம்பர் கடைசியில் 7.40 மணியை ஒட்டியும் சூரியன் மறையும். அதற்கு 35 முதல் 40 நிமிடம் முன்பு கிளம்பும் அரை மணிப் பயணத்தைக் கேளுங்கள். பின்னேரத்தில் விதியும் குறுக்கே வரும்: பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே ஓட்டும் விமானி, அந்தி வெளிச்சம் முடிவதற்கு 10 நிமிடம் முன்பே தரையிறங்கும்படி திட்டமிட வேண்டும். அங்கே அந்தி 25 நிமிட அளவுதான்.

மாதமும் முக்கியம். பக்கத்துச் சுற்றுலா ஊரான யுலாராவிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் பாறைக்கு நேர் மேலே பறப்பதில்லை. ஒப்புக்கொண்ட பாதையில், தள்ளி நின்று வடக்கிலிருந்துதான் காட்டும். ஜூன், ஜூலையில் சூரியன் மேற்கிலிருந்து 26 பாகை வரை வடக்கே விலகி மறைவதால், நீங்கள் பார்க்கும் வடமுகம் நன்றாக வெளிச்சம் வாங்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே விலகி மறையும். வடமுகம் நிழலில் இருக்கும், வடமேற்கு முகத்தில் மட்டும் வெளிச்சம் உரசிக்கொண்டு போகும். எனக்குக் குளிர்காலம்தான் பிடிக்கும்.

கோடையில் இன்னொரு சிக்கல் எடை. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் காற்று மெலிந்து, இயந்திரமும் சுழலிறக்கையும் 1,500 மீட்டர் உயரத்தில் வேலை செய்வதுபோல் திணறும். அதனால்தான் ஏறும் முன் எல்லோரையும் எடை போடுகிறார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம். இருக்கைகளை எடைச் சமநிலைப்படிதான் தருவார்கள். ஆர்44 வகை ஹெலிகாப்டரில் மூன்று பயணிகள்தான், மூவருக்கும் ஜன்னல் உண்டு. பெல் 206 போன்றவற்றில் பின்வரிசையில் மூவர். நடுவில் மாட்டினால் பார்வை பாதிதான். பதிவு செய்யும்போதே எந்த வகை ஹெலிகாப்டர் என்று கேட்டுவிடுங்கள்.

உலுரு மட்டும் பார்க்கும் கால் மணிப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் கட்டா ஜுட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 36 குமிழ் மலைகள். அவற்றில் உயரமானது சமவெளியிலிருந்து 546 மீட்டர், உலுருவைவிட உயரம். கூழாங்கற்களும் பெரிய கற்களும் இறுகிச் சேர்ந்த பாறை அது. குமிழ்களுக்கு இடையே ஓடும் பள்ளங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது தரையிலிருந்து பிடிபடவே படாது. ஆனால் எதை முதலில் காட்டுவார்கள் என்று கேளுங்கள். உலுருவை முடித்துவிட்டு மேற்கே போனால், சூரியன் நேர் எதிரே வந்து கண் கூசும். மலைகள் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். கட்டா ஜுட்டா முதலில், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு உலுரு பிறகு என்பதே சரியான வரிசை. அப்படிக் கிழக்கே வரும்போது உலுரு வலப்பக்கம் வரும்.

படம் எடுப்பதில் பெரும்பாலும் கெடுப்பது ஜன்னல்தான். வெள்ளைச் சட்டை அதில் அப்படியே பிரதிபலிக்கும். கறுப்பு அல்லது கருநீலம் போடுங்கள். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் அதிர்வு படத்தில் இறங்கும். ஒட்டாமல், மிக அருகில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போக வேண்டாம், வெளிச்சம் குறையக் குறைய ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். அக்ரிலிக் ஜன்னலில் அது வானவில் கறைகளைக் காட்டும். நிறத்தைச் சரிசெய்யும் ‘வெள்ளைச் சமநிலை’ அமைப்பைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பையே ‘திருத்தி’ வெளுக்கச் செய்யும். பகல் வெளிச்சத்துக்கு, 5,200 கெல்வின் அளவில், நிறுத்தி வையுங்கள்.

உலுரு, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் நிலம். 1985 அக்டோபர் 26 அன்று நில உரிமை அவர்களிடம் திரும்பியது; 2019இல் அதே தேதியில் பாறை ஏறுவது நிரந்தரமாக நின்றது. பாறையின் சில புனித இடங்களைப் படமெடுக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நீண்ட ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் விமானியிடம் எந்த இடங்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே மரியாதை.

மேற்கு அடிவானத்தில் மட்டும் மேகத் திரை இருந்தாலும் நிறம் வராது, உச்சி வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஆகவே தங்கும் நாட்களில் முதல் மாலையே பதிவு செய்யுங்கள். மாற்ற வேண்டி வந்தால் அடுத்த மாலை கையில் இருக்கும். வயிறு புரட்டுபவர்கள் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, கேமராத் திரையைப் பார்ப்பதைக் குறைத்து அடிவானத்தைப் பாருங்கள். தொப்பியைப் பையில் வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ மட்டுமே நடக்க வேண்டும். வால் சுழலி சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் ஒருபோதும் போகாதீர்கள்.