நொச்சி சேலத்தில் காத்தது, ஏற்காட்டில் கைவிட்டது

ஒரே மூட்டைச் சோளம், ஒரே வெயில், வண்டு வராமலிருக்க ஒரே கட்டிலிருந்து எடுத்துப் போட்ட நொச்சி இலை, ஒரே அளவில் இரண்டு தகர டிரம். ஒன்று சேலத்தில் எங்கள் வீட்டில், இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டில். மாசியில் நிரப்பி மூடியது. ஆவணியில் திறந்தபோது சேலத்துச் சோளம் கைக்குள் சலசலவென்று ஓடியது. மலையில் இருந்த டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டேன், உள்ளே வெதுவெதுப்பு. வெளியே சாரல், வீட்டுக்குள் சால்வை போர்த்துகிற குளிர், தானியத்துக்கு நடுவில் மட்டும் சூடு. வண்டு கூட்டமாக மூச்சு விடுகிற இடத்தில்தான் அப்படிச் சூடு தட்டும். முறத்தில் அள்ளிப் போட்டேன், மூக்கு நீண்ட வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தன. கொஞ்ச நேரம் விட்டால் ஒவ்வொன்றாக எழுந்து நடக்கும்.

போன வருடமும் மலையில் இதே கதைதான். சாக்கு மாற்றிப் பார்த்தேன், டிரம் மாற்றிப் பார்த்தேன், இலையைக் கூட்டிப் பார்த்தேன். இந்த முறை இரண்டு இடத்திலும் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்ததால் காரணம் கையில் சிக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் நொச்சி உலர்த்தும் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் சொதப்பும் இடம் அதுதான். இலையைப் பறித்து, இரண்டு நாள் நிழலில் போட்டு, மேலே கைவைத்துப் பார்த்துவிட்டு 'காய்ந்துவிட்டது' என்று தானியத்தில் போட்டுவிடுகிறார்கள். இலை காய்ந்திருக்கும், காம்பு காய்ந்திருக்காது. நொச்சியில் ஐந்து இலையும் சேரும் அந்த நடுக்காம்பு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம், 'டக்'கென்று ஒடிந்தால்தான் சரி. நான் இப்போதெல்லாம் பறித்தவுடனேயே காம்பை இடது கையில் பிடித்து இலைகளை ஒரே இழுப்பில் உருவிவிடுகிறேன். காம்பு அடுப்புக்குப் போகும்.

உருவிய இலையைத் தரையில் பரப்பக் கூடாது. கயிற்றுக் கட்டிலின் மேல் பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் ஓரிலை கனத்துக்குப் பரப்பினால் அடியிலிருந்தும் காற்று ஏறும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், வாசனையும் சேர்ந்து போய்விடும். நமக்கு வேண்டியது அந்த வாசனைதான், அதை வைத்துத்தான் நொச்சி வேலை செய்கிறது. பதம் பார்ப்பது இப்படி: ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கினால் இலை துண்டு துண்டாக உடைய வேண்டும், நெடி மூக்கில் ஏற வேண்டும். மாவாக உதிர்ந்து வைக்கோல் வாசனை வந்தால் பதம் தாண்டிவிட்டது, எருக்குழியில் போடலாம். மேல்பக்கம் மங்கிய பச்சை, அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு, இந்த நிறத்தில் நிறுத்தினால் நல்லது.

இலையைச் சோளத்தோடு நேரடியாகக் கலக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு புடைத்தாலும் தூள் தங்கி, சோளச்சோற்றில் ஒரு மருந்துக் கசப்பு வந்துவிடுகிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து உள்ளங்கை அளவுப் பொட்டலமாகக் கட்டி, ஒரு சாண் தானியத்துக்கு ஒரு அடுக்கு என்று வைக்கிறேன். கிலோவுக்கு 20 கிராம் காய்ந்த இலை என்பது என் கணக்கு. நைலான் துணி வேண்டாம்.

வேப்பிலை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வேம்பின் பலம் அதிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள். அது பூச்சி தின்றால், உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும், வாசனையாகப் பரவாது. அதுவும் இலையைவிடக் கொட்டைப் பருப்பில்தான் செறிவாக இருக்கிறது. மூட்டை வாயில் நாலு கொத்து வேப்பிலையைச் செருகி வைப்பதால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விதைக்கு மட்டும் 100 கிலோவுக்கு ஒரு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் கலந்து வைக்கிறேன். சாப்பாட்டுத் தானியத்தில் அந்தக் கசப்பு ஏறினால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

வசம்பு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல தடிமனான வசம்பு கிடைக்கிறது. ஒடித்தால் உள்ளே இளஞ்சிவப்பு, நெடி சுரீரென்று இருக்கும். தூளாகப் பொட்டலம் கட்டி வைத்திருப்பதை வாங்காதீர்கள். முழுசாக வாங்கி வீட்டில் இடித்துச் சலித்தால்தான் நெடி முழுசாக இருக்கும். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் பெண் வண்டின் முட்டை வளர்ச்சியையே தடுத்துவிடும், பயறு வண்டுக்கு அதைவிடப் பொருத்தமான தூளை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே பீட்டா அசரோனால் சோதனை எலிகளுக்குக் கட்டி வந்ததைப் பார்த்து, அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆகவே என் வீட்டில் வசம்பு விதைத் தட்டைப்பயறுக்கு மட்டும், கிலோவுக்கு 10 கிராம். டப்பாவின் மேல் 'விதை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடுப்படிக்கு வெளியே வைக்கிறேன்.

சமைக்கிற பயறுக்கு எண்ணெய்தான். கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு மணியும் மினுங்கும் வரை. பயறு வண்டு முட்டையை மணியின் மேல்தோலில் ஒட்டி வைக்கும், வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். எண்ணெய் அதை மூடிவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். சோளத்து வண்டு அப்படி இல்லை. அது மணியில் மூக்கால் துளை போட்டு, உள்ளே முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிட்டுப் போகும். உள்ளே புழு தின்று வளர்ந்து வண்டாகி வெளியே வருகிற வரை மணி நல்ல மணியாகவே தெரியும். எண்ணெய்க்கும் இலைக்கும் அது எட்டாது.

அதனால்தான் இலைக்கு முன்னால் வெயில். இதில் சேலத்துக்காரர்களுக்குக் குறையே இல்லை. மாசிக் கடைசியில் மொட்டை மாடியில் கறுப்புப் பாலித்தீன் விரித்து, அதன் மேல் தானியத்தை மெலிதாகப் பரப்பி, மேலே நிறமில்லாத பாலித்தீனைப் போர்த்தி, ஓரமெல்லாம் செங்கல் வைத்துவிட வேண்டும். 57 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் பயறு வண்டு முட்டையிலிருந்து வளர்ந்த வண்டு வரை எல்லாம் செத்துவிடும். எங்கள் மாடியில் உச்சி வெயிலுக்கு அந்தச் சூடு தாராளமாக வருகிறது. சோளத்துக்கும் இதையே செய்கிறேன். பிறகு போர்வையை எடுத்துவிட்டுத் திறந்த வெயிலில் இன்னும் காய வைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டுத்தான் டிரம்மில் கொட்டுவது. சூட்டோடு கொட்டினால் மூடியில் வேர்த்துவிடும்.

சரி, மலைக்கு வருவோம். டிரம்மில் இருந்த நொச்சிப் பொட்டலத்தைப் பிரித்தால், மொறுமொறுவென்று வைத்த இலை துவண்டு கிடந்தது. நெடியே இல்லை. சோளத்தைக் கடித்தால் 'கடுக்' என்று உடையாமல் நசுங்கியது. உறுதி செய்துகொள்ள உப்புச் சோதனை போட்டேன். வறுத்து ஆறவைத்த பொடி உப்பையும் தானியத்தையும் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மலைச் சோளத்தில் பாட்டில் சுவர் முழுக்க வெள்ளை படிந்தது. சேலத்துச் சோளத்தைக் குலுக்கினால் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

எவ்வளவு காய வைத்துக் கொண்டுபோனாலும், 1,500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் பனிமூட்டத்துக்குள் வைத்தால் தானியம் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். தகர டிரம் மூடி தூசியைத்தான் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. 10 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மணியில் இந்த வண்டு பெருக முடியாது. வெயிலுக்குத் தப்பிய ஒன்றிரண்டு இரண்டு டிரம்மிலும் இருந்திருக்கலாம். சேலத்தில் அவை பெருக வழியில்லை, மலையில் வழி திறந்துவிட்டது. குளிரால் மெதுவாகத்தான் பெருகும், ஆனால் பெருகும்.

பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல தானியத்த அடுப்புக்கு மேல பரண்லதான் போட்டு வெப்போம் கண்ணு. மழைக்காலம் முச்சூடும் பொகை ஏறும். கேஸ் அடுப்பு வந்ததுக்கப்புறம் பரண்ல என்ன இருக்குது?" என்றார். முழுக்க உண்மை. விறகடுப்பின் சூடும் புகையும் தினமும் ஈரத்தை விரட்டிக்கொண்டிருந்தன. இலையை மட்டும் எடுத்துக்கொண்டு அடுப்பை விட்டுவிட்டால் மலையில் எடுபடாது. அவர் வீட்டுச் சாமை பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, குத்தாமல் உமியோடு வைத்திருப்பதால் வண்டு அண்டவில்லை. சோளத்துக்கு அந்தச் சட்டை கிடையாது.

மலைச் சோளத்தைக் கீழே கொண்டுவந்து சலித்து, ஓட்டை மணிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்துக் கோழிக்குப் போட்டாயிற்று. மிச்சத்தைக் காய வைக்க வெயில் சரியாக அமையவில்லை, பாட்டிலில் இன்னும் கொஞ்சம் உப்பு ஒட்டுகிறது.

இதற்கிடையில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறி ஒன்று வாங்க வேண்டும். தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு 2 மில்லிமீட்டர் துளை வழியாக உள்ளே விழுந்து அடிக்கூம்பில் சேரும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வண்டு இருப்பது தெரிந்துவிடும். சேலத்து டிரம்முக்கு அது போதும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கப் போகிறேன்.

மலைக்கு வளையம் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் டிரம் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் வாய் வரை நிரப்பி இறுக்கிவிட்டால் ஈரமும் நுழையாது, மிஞ்சியிருக்கும் வண்டும் இருக்கிற காற்றைத் தீர்த்துவிட்டு மடியும். வாங்கும்போது மூடிக்குள் ரப்பர் வளையம் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பழைய ரசாயன டிரம்மைக் கழுவி விற்கிறார்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதில் தானியம் வைக்கக் கூடாது. ஒரு டிரம்மில் நொச்சிப் பொட்டலம் வைப்பேன், இன்னொன்றில் வைக்க மாட்டேன். இரண்டையும் பெரியம்மா வீட்டுப் பரணிலேயே ஏற்றி, தை வரை திறக்காமல் விட்டுப் பார்க்க வேண்டும்.