கீழறை நாட்குறிப்பு, ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா

2025 அக்டோபர் 4, சனி

எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தளம்; பின்பக்கம் படி இறங்கினால் கீழே இன்னோர் அறை. இத்தனை காலம் அங்கே உர மூட்டைகளும் அப்பாவின் மருந்தடிக்கும் பம்பும் குடியிருந்தன. இன்று எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது.

அறை பாட்டிக்காக; வெளிச் சத்தம் நுழையாமல் அவர் பாட்டைப் பதிய. ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், வயது 82. அந்தக் காலத்துப் பாட்டுகள் முப்பதுக்குக் குறையாமல் நினைவில் வைத்திருக்கிறார். போன மாதம் கூடத்தில் உட்காரவைத்துப் பதிந்தேன். பாட்டு பாதி, லாரி பாதி. கோலாலம்பூர்ப் பக்கம் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய லாரிகள் இரவில்தான் இறங்குகின்றன.

கீழறையின் மூன்று சுவர்களுக்குப் பின்னால் மலை. அந்தப் பக்கம் கவலையில்லை. மண்ணைவிடக் கனமான தடுப்பை நான் எங்கே போய்க் கட்டுவது? வில்லங்கமெல்லாம் வாசல் பக்கத்திலும் தலைக்கு மேலேயும்தான். மேலே இருப்பது பலகைத் தளம். இடுக்கு வழியாகச் சமையலறை விளக்கு தெரிகிறது. வெளிச்சம் இறங்கும் வழியில் சத்தமும் இறங்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கோழிப் பண்ணையில் சொல்லி இருநூறு முட்டை அட்டை வாங்கித் தருகிறாராம். மறுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், லாரியைத் தடுக்காது. ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, மறிப்பது வேறு வேலை. உறிஞ்ச மெத்தென்ற பொருள் வேண்டும். மறிக்கக் கனம் வேண்டும், இடுக்கில்லாத மூடல் வேண்டும், ஒரு தகடு இன்னொன்றைத் தொடாத இடைவெளி வேண்டும்.

அண்ணன் கேட்டுக்கொண்டார். அட்டை நாளைக்கே வரும் என்றார்.

அக்டோபர் 18, சனி

ஜிப்சம் பலகைகள் வந்தன, ஈரம் தாங்கும் பச்சை முகப்பு வகை. நாலுக்கு எட்டடிப் பலகை ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. சுமந்தவனுக்குத்தான் தெரியும். எடையை இரு மடங்காக்கினால் கணக்குப்படி சத்தம் 6 டெசிபெல்தான் (ஒலியை அளக்கும் அலகு) குறைகிறது என்பது இந்தத் தொழிலின் கொடுமை.

கதவு அதைவிடக் கொடுமை. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதியை இரும்பால் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லோடு நின்றுவிடும். பழைய கதவின் அடியில் என் சுண்டுவிரல் நுழைகிறது. கெட்டி மரக்கதவுக்குச் சொல்லிவிட்டேன். சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் ஒரு வாசற்படி.

அக்டோபர் 20

தீபாவளி. வேலை இல்லை. மேலே முறுக்கு, கீழே சிமெண்ட் தூசி.

நவம்பர் 1, சனி

கீழறையின் கூரை முடிந்து மூன்று நாள் ஆகிறது. மேல்தளத்து மரச் சட்டங்களில் ரப்பர் பிடிகள். பிடிகளில் இரும்புப் பட்டைகள். பட்டைகளில் இரண்டு அடுக்கு ஜிப்சம், நடுவில் இறுகிப்போகாத பசை. மேலே உள்ள வெற்றிடத்தில் ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழைத்த பஞ்சு. கூரை மரத்தைத் தொடாமல் ரப்பரில் தொங்குகிறது. இத்தனை செய்தும் அம்மா நடந்தால் ஒரு மூலையில் மட்டும் டொக் டொக் என்று கேட்டது.

மருத்துவர் போலக் காதில் குழாய் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிக் கூரையைச் சாண் சாணாகத் தொட்டுப் பார்த்தேன். கதவுக்கு மேலே, இரண்டாவது பலகையின் ஓரத்தில், அம்மாவின் குதிகால் என் காதுக்குள் இறங்கியது. அங்கிருந்த திருகாணியைக் கழற்றினேன். இரண்டரை அங்குலம்! பலகையையும் பட்டையையும் துளைத்துக்கொண்டு நேரே மரச் சட்டத்தில் கடித்திருக்கிறது. முனையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தொங்க வேண்டிய கூரையை அந்த ஒற்றை ஆணி வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. பெட்டியில் குட்டை ஆணி தீர்ந்ததும் கைக்குக் கிடைத்ததை முடுக்கியவன் வேறு யாருமில்லை, நான்தான். தேடியதில் இன்னும் நான்கு சிக்கின. மாற்றிய பிறகு டொக் டொக் நின்றது.

அம்மாவின் இடிகல் மட்டும் கேட்கிறது. அதற்குக் கீழறையில் எதைச் செய்தும் பயனில்லை. மேலே, இடிகல்லுக்கு அடியிலேயே தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டேன். சம்பல் ருசி குறைந்துவிட்டதாக அம்மா சொல்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. மைக்கில் களகளவென்று ஓடை. பீலியிலிருந்து இறங்கும் குழாய் வாசல் சுவரோடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, சுவரே ஒலிபெருக்கியாகிவிட்டது. பிடிகளைத் தளர்த்தி உள்ளே பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகளைச் சுற்றினேன். முக்கால்வாசி போய்விட்டது.

காற்றுக்கும் வழி செய்தாயிற்று. பெட்டிக்குள் இரண்டு முறை வளைந்து வரும் குழாய், உட்புறம் ராக்வூல்; காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் வளைவில் களைத்துப்போகும். இந்த ஊர் ஈரத்துக்கு அது போதாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினேன், அதுவும் இரைகிறது. பதிவு நேரத்தில் அணைத்துவிட வேண்டும்.

நவம்பர் 15, சனி

அறைக்குள் உறுமியை இழுத்தால் ஒரு சுரம் மட்டும் வயிற்றைப் பிசைகிறது. அளந்ததும் விளங்கியது: நீளம் 4.8 மீட்டர், உயரம் சரியாக 2.4. தரைக்கும் கூரைக்கும் நடுவே மோதித் திரும்பி எழும் அதிர்வு 71 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 71 முறை. நீளத்தின் இரண்டாம் அதிர்வும் அதே 71. இரண்டும் கைகோத்துக்கொண்டன. கூரையை இன்னொரு சாண் இறக்கியிருக்கலாம், இப்போது யார் பிரிப்பது? மூலைகளில் தடித்த ராக்வூல் அடுக்குகளைத் துணி சுற்றிக் குறுக்காக நிறுத்தினேன். அடங்கியது என்று சொல்லமாட்டேன், பணிந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

பாட்டியை அழைத்துவந்தேன். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார். "என் குரல் எங்கேயடா போகிறது?" என்று கேட்டார். சுருதியும் இறங்கியிருந்தது.

ஆர்வத்தில் நான்கு சுவரையும் பஞ்சு மெத்தைகளால் மூடியிருந்தேன்; பாடிய குரல் திரும்பிப் பாட்டியின் காதுக்கு வரவில்லை. 1895 வாக்கில் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைனுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அவருக்குத் தரப்பட்ட விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் ஐந்தரை நொடி நின்று முழங்கியது. இரவு இரவாக நாடக அரங்கின் மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். நான் மெத்தைகளை வெளியே சுமக்கிறேன். பாட்டிக்கு எதிர்ச் சுவரில் நான்கை எடுத்துவிட்டு, குரல் பட்டுத் திரும்ப அங்கே அப்பாவின் பழைய மரத்தட்டை நிறுத்தினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பாட்டி பாடினார். ஐந்து பாட்டு, இடையில் ஒரு வெற்றிலை. இரண்டாவது பாட்டின்போது லாரி ஒன்று மேடேறியதை வாசலில் நின்ற அண்ணன் பார்த்திருக்கிறார். பதிவில் தேடினேன், அடிமட்டத்தில் ஒரு முனகல், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டின் ஒவ்வொரு அடியிலும் கிண் கிண் என்று ஏதோ. பாட்டியின் கண்ணாடி வளையல்கள். கூடத்தில் லாரி அதை விழுங்கியிருந்தது. கழற்றச் சொன்னேன்; முறைத்தார். கடைசியில் கைக்குட்டையை வளையல்மேல் சுற்றிக்கொண்டு, "இப்போது திருப்தியா?" என்று கேட்டுவிட்டு முதல் பாட்டை மறுபடி தொடங்கினார்.