நெற்கதிர் போட்ட பர்மா காசு

பழைய காசு சேர்க்கும் நம்ம தம்பிகள் சிலர் 1975-ஆம் வருஷத்து ஒரு சாட் (பர்மா நாட்டுப் பணம்) நாணயத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அழகு என்கிறார்கள். அழகுதான், நெற்கதிர் அவ்வளவு திருத்தமாக இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1968-லிருந்து பல நாட்டு அரசுகளையும் இப்படிக் காசு அடிக்கச் சொன்னது. பசியைப் பற்றி மக்கள் நினைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்தக் காசை இங்கே பர்மாவில் அடித்தது 1962-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நே வின் அரசு. காசு வருவதற்கு முந்தின வருஷம், 1974 ஜூனில், அரிசி கிடைக்காமல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளை ரங்கூன் தமைங் நூற்பாலையில் ராணுவம் சுட்டது. போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு இது!

அந்தக் காலத்தில் கிராமத்தில் கோட்டா நெல். ஏக்கருக்கு இத்தனை கூடை என்று அரசு சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அந்த விலையோ வெளிச்சந்தை விலைக்குப் பக்கத்தில் கூட வராது. எங்கள் தாத்தா பெகு பக்கம் விவசாயம் பார்த்தவர். விளைச்சல் பொய்த்த வருஷம் வெளியில் அதிக விலைக்கு நெல் வாங்கிக் கோட்டாவுக்கு அளந்தாராம், வீட்டில் கஞ்சி. இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் ஏறிவிடும்.

அப்புறம் 1987. செப்டம்பர் தொடக்கத்தில் நெல் வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள், இனி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று. சில நாளில், 5-ஆம் தேதி, 25, 35, 75 சாட் நோட்டு எதுவும் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அப்படியே போனது. கையில் ரொக்கமாக வைத்திருந்த விவசாயிக்கு ஒரே நாளில் ஒன்றும் இல்லை. டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. அந்த 1987-ஐப் பொறித்தும் ஒரு 5 பியா காசு (நூறு பியா ஒரு சாட்) இருக்கிறது, அதிலும் நெல்தான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கோட்டா நெல் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊர், எத்தனை கூடை, என்ன விலை, யார் வந்து அளந்தார்கள் என்று எல்லாவற்றையும்.