அடி எப்போது விழுகிறது: மேஜிக் சண்டைக் கட்டத்தை மேசையில் ஓட்டிப் பார்த்தவை

304 கடதாசி ஆட்டத்தில் பழகிய கைக்கு மேஜிக்: த கேதரிங் என்ற கார்ட் ஆட்டத்தில் முதலில் இடறுவது, கிரீச்சர் (உயிரி) கார்டுகள் மோதும் சண்டைக் கட்டம்தான். 304இல் ஒருவர் கடதாசி போட்ட பிறகே அடுத்தவர் போடுவார். இங்கே இரு பக்கத்து அடியும் ஒரே கணத்தில் விழும். "நான்தானே அடிக்க வந்தனான், என்ர அடிதானே முதல்?" என்ற கேள்வி திருகோணமலை மேசைகளிலும் தவறாமல் வரும். இல்லை. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (முந்தி அடிக்கும் திறன்) அல்லது டபுள் ஸ்ட்ரைக் (முந்தியும் பிறகும் இருமுறை அடிக்கும் திறன்) இருந்தால் மட்டுமே அடி முந்தும்.

விதிகளை வரிசையாக வாசிப்பதைவிட கார்டுகளை எதிரெதிரே வைத்து ஓட்டிப் பார்த்தால் சீக்கிரம் விளங்கும். அடியை எண்ணப் புளியங்கொட்டை போதும்: ஒரு கொட்டை, ஒரு அடி. காகிதத் துண்டுகள் உப்புவெளிப் பக்கம் கச்சான் காற்றில் நிற்காது. கிரீச்சரில் 5/5 என்றிருந்தால் முன் எண் அது கொடுக்கும் அடி, பின் எண் டஃப்னஸ், அதாவது அது சாகத் தேவையான அடி. இவற்றை நிலையாகக் கூட்டும் +1/+1 கவுண்டருக்குத் தாயக்கட்டை வையுங்கள், கொட்டை வேண்டாம். முறை முடிந்ததும் கொட்டைகளை வழித்தெடுக்க வேண்டும், கட்டை அப்படியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பொருளை வைத்தால் அடுத்த முறையிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும்.

சண்டைக் கட்டத்தில் ஐந்து படிகள் உண்டு: தொடக்கம், தாக்குவோரை அறிவித்தல், மறிப்போரை அறிவித்தல், அடி, முடிவு. குழப்பம் எல்லாம் நாலாவது படியில்தான். அதற்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. எந்தக் கிரீச்சருக்கு எத்தனை அடி என்று பங்கிடுவது ஒன்று. பங்கிட்டதெல்லாம் ஒரேயடியாக விழுவது இன்னொன்று. செத்தவற்றை எடுப்பது மூன்றாவது. பங்கிடுவதற்கும் விழுவதற்கும் நடுவில் யாரும் கார்ட் போட முடியாது. ஜயன்ட் குரோத் (முறை முடியும்வரை ஒரு கிரீச்சருக்கு +3/+3) போடுவதானால் மறிப்பு அறிவித்த பிறகு, அடிப் படிக்குள் போகுமுன் போடுங்கள். 2009இல் மேஜிக் 2010 விதிமாற்றம் வருமுன் அந்த நடுவிடம் இருந்தது. அப்போது மாக் ஃபனாட்டிக் என்ற கிரீச்சர் தன் பங்கு அடியை ஒதுக்கிவிட்டு, பலியாகி இன்னொரு அடியும் கொடுக்கும். பழைய ஆட்டக்காரர் யாராவது அப்படி ஆடினால் சண்டை பிடிக்க வேண்டாம், ஆண்டைச் சொன்னால் போதும்.

வைத்தது: 5/5 தாக்குகிறது, 3/3 இரண்டு மறிக்கின்றன. மறித்தவர் ஒரு 3/3க்கு ஜயன்ட் குரோத் போட்டு 6/6 ஆக்குகிறார். 2024 நவம்பருக்கு முன், தாக்கியவர் மறிப்பு அறிவித்த உடனேயே மறிப்போரை வரிசைப்படுத்த வேண்டும். வரிசையில் முதலாவதைக் கொல்லத் தேவையான அடியைக் கொடுக்காமல் அடுத்ததைத் தொட முடியாது. முதலாவது 6/6 ஆனால் ஐந்து அடியும் அதிலேயே வீண். ஃபவுண்டேஷன்ஸ் என்ற கார்டுத் தொகுப்பின் வெளியீட்டோடு அந்த வரிசை போய்விட்டது. இப்போது தாக்கியவர் அடி விழும் நேரத்தில் விரும்பியபடி பங்கிடலாம். 6/6 ஆனதை விட்டுவிட்டு மற்ற 3/3இல் ஐந்தையும் வைத்தால் அது சாகும். இரட்டை மறிப்பைப் பெருக்கக் கார்ட் ஒன்றால் காப்பாற்றும் பழைய தந்திரம் இதனால் பாதி செத்துப்போனது. இணையத்தில் இன்னும் கிடக்கும் பழைய விளக்கங்கள் புதியவர்களைக் கெடுப்பதும் இந்த இடத்தில்தான்.

இன்னொரு விளைவு அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. அதே 5/5ஐ இப்போது 1/4 இரண்டு மறிக்கின்றன என்று வையுங்கள். பழைய விதியில் 4 + 1, அல்லது ஐந்தும் ஒன்றில். இப்போது 3 + 2 என்று வைக்கலாம். எதுவும் உடனே சாகாது. சண்டை முடிந்து இரண்டாவது முதன்மைக் கட்டத்தில் பைரோகிளாஸம் (எல்லாக் கிரீச்சருக்கும் 2 அடி) போட்டால் இரண்டும் போகும். உங்கள் 5/5இல் விழுந்தது 2 + 2 தான், அது நிற்கும்.

அடி டஃப்னஸைக் குறைப்பதில்லை, மேலே ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். 4/4இல் 3 அடி விழுந்தால் அது மூன்று கொட்டை சுமக்கும் 4/4. "மிச்சம் 1" என்று எழுதிவைப்பவர்கள் ஜயன்ட் குரோத் போட்ட கிரீச்சர் முறை முடிவில் சாகும் என்பார்கள். சாகாது. விழுந்த அடியும் "முறை முடியும்வரை" என்ற பெருக்கமும் கடைசிப் படியில் ஒன்றாகவே நீங்கும். பெருக்கம் நடுவில் போனால் கதை வேறு. கோப்ளின் கிங் (2/2, மற்றக் கோப்ளின்களுக்கு +1/+1 கொடுக்கும்) மேசையில் நிற்க, 1/1 ரேஜிங் கோப்ளின் 2/2 ஆகித் தாக்குகிறது, ராஜாவும் கூடத் தாக்குகிறது. ரேஜிங் கோப்ளின்மேல் 1 அடி, ராஜாமேல் 2 அடி. யார் செத்தது என்று பார்க்கும் முதல் சோதனையில் ராஜா மட்டும் சாகும். சாவுச் சோதனை எடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவரை திரும்பத் திரும்ப நடக்கும். இரண்டாவது சோதனையில் ரேஜிங் கோப்ளின் மறுபடி 1/1, மேலே ஒரு கொட்டை. அதுவும் போகும்.

மறித்தவரைச் சாகடித்தால் அடி ஆளுக்கு (எதிராளிக்கு) நேரே போகுமா? போகாது. மறிக்கப்பட்டது மறிக்கப்பட்டதே. லைட்னிங் போல்ட் (3 அடி கொடுக்கும் கார்ட்) போட்டு மறிப்பவரை எடுத்தாலும் தாக்கியவர் யாருக்கும் அடி கொடுப்பதில்லை. ட்ராம்பிள் (மறிப்பவரைத் தாண்டி மிச்ச அடியை ஆளுக்குக் கொடுக்கும் திறன்) இருந்தால் மட்டும் முழு அடியும் ஆளுக்குப் போகும்.

ட்ராம்பிளுக்குக் கொலோசல் ட்ரெட்மாவை (6/6, ட்ராம்பிள் உள்ள பச்சைக் கிரீச்சர்) வைத்துப் பாருங்கள். மறிப்பவர் ஒவ்வொருவருக்கும் சாவதற்குத் தேவையான அளவு ஒதுக்கிய பிறகே மிச்சம் ஆளுக்கு. தேவையான அளவு என்பது டஃப்னஸில் ஏற்கெனவே விழுந்ததைக் கழித்தது. அடி உண்மையில் வேலை செய்யுமா என்று பார்ப்பதில்லை. இன்டிஸ்ட்ரக்டிபிள் (அடியால் அழியாத திறன்) உள்ள 2/2 மறித்தாலும் 2 ஒதுக்கினால் போதும், 4 ஆளுக்கு. பச்சையிலிருந்து புரொடெக்‌ஷன் (பச்சைக் கார்டுகளின் அடியைத் தடுக்கும் காப்பு) உள்ள 2/2 மறித்தாலும் அதே கணக்கு: அந்த 2 தடுக்கப்படும், 4 போகும். டெத்டச் (ஒரு அடி பட்டாலே கொல்லும் திறன்) கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் 1 போதும். மூன்று பேர் மறித்தால் 3 ஆளுக்கு.

அதே ட்ரெட்மாவுக்கு டபுள் ஸ்ட்ரைக் கொடுத்தால் அடிப் படி இரண்டாகும். 4/4 மறிக்கிறது: முதல் படியில் 4 அதற்கு, 2 ஆளுக்கு. மறித்தது செத்தது. இரண்டாம் படியில் ஆறும் ஆளுக்கு, மொத்தம் 8. ட்ராம்பிள் இல்லாமல் டபுள் ஸ்ட்ரைக் மட்டும் இருந்தால் இரண்டாம் அடி எங்கும் போகாது. இரு படிகளுக்கும் நடுவில் இன்ஸ்டன்ட் (சண்டை நடுவிலும் போடக்கூடிய கார்ட்) போட இடம் உண்டு. ஆனால் அப்போது ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் கொடுத்துப் பயனில்லை, முதல் படி கடந்துவிட்டது. முதல் படியில் அடித்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் கிரீச்சர் நடுவில் அந்தத் திறனை இழந்தாலும் திரும்ப அடிக்காது. டைஃபாய்ட் ராட்ஸ் (1/1, டெத்டச்) போன்றவற்றுக்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்தான் மருந்து: எலி செத்த பிறகு அதன் நஞ்சு வராது.

லைஃப்லிங்க் (கொடுத்த அடியளவு தன் ஆட்டக்காரரின் உயிரைக் கூட்டும் திறன்) அடியோடேயே உயிரைக் கூட்டும், பிறகு அல்ல. உங்களுக்கு 2 உயிர். எதிராளியின் 3/3 மறிப்பின்றி வருகிறது, இன்னொன்றை உங்கள் வாம்பயர் நைட்ஹாக் (2/3, லைஃப்லிங்க்) மறிக்கிறது. 2 − 3 + 2 = 1, தப்பிவிட்டீர்கள். மறிப்பின்றி வந்த 3/3க்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருந்தால் முதல் படியிலேயே −1, ஆட்டம் முடிந்தது.

ஒவ்வொருவரும் கமாண்டர் என்ற தலைமைக் கிரீச்சரோடு ஆடும் கமாண்டர் ஆட்டவகையில் 40 உயிரோடு இன்னொரு கணக்கும் ஓடும்: ஒரே கமாண்டரிடமிருந்து மொத்தம் 21 சண்டை அடி வாங்கினால் தோல்வி. சண்டைக்கு வெளியே அதே கமாண்டர் கொடுக்கும் அடி இதில் சேராது. லைஃப்லிங்கில் எவ்வளவு உயிர் கூடினாலும் இந்த எண்ணிக்கை இறங்காது. இதைக் கொட்டையில் எண்ண வேண்டாம், ஒவ்வொரு கமாண்டருக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதிவையுங்கள்.