புள்ளி வைக்க அனுமதி கேட்ட கதை

அடிலெய்டில் ஒரு சமூகக்கூடத்தின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் ஏழு பெண்கள் உட்கார்ந்து வரைகிறோம். சங்கம், இயக்கம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், ஈரானிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர், அக்கா தங்கை இருவர், துணியில் நூல் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா. எங்களில் மூத்தவருக்கு 78 வயது; காலா என்கிற இளஞ்சிவப்புக் கிளியைத் தவிர வேறெதையும் வரைய மாட்டார். ஏழாவது ஆள் நான். கும்பகோணத்துப் பக்கம். எனக்குத் தெரிந்தது கோலம். தடித்த காகிதத்தில் காவி பூசி, அதன்மேல் வெள்ளை மையால் கம்பிக் கோலம் போடுவேன்.

2019 ஜூலையில் கூபர் பீடியில் ஒரு கண்காட்சி வைத்தோம். எப்படி அங்கே போய் வைத்தீர்கள் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

கூபர் பீடி அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். ஓப்பல் கல் தோண்டும் ஊர். 1915இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் ஒருவன் கண்ணில் ஓப்பல் பட்டது. அன்று தொடங்கிய தோண்டல் இன்னும் ஓயவில்லை. இரண்டாயிரம் பேருக்கும் குறைவான ஊர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும் என்பதால் பாதிப் பேர் குன்றைக் குடைந்து உள்ளே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 23, 24 டிகிரிதான். தேவாலயம், ஹோட்டல், புத்தகக் கடை எல்லாமே பூமிக்குள். ஆசிரியையின் மகள் அங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். தெரிந்த ஒருவரின் நிலத்தடி அறை ஜூலையில் இரண்டு வாரம் சும்மா கிடக்கும், வாடகை அதிகமில்லை என்று அவள் சொன்னதுதான் ஆரம்பம். ஜூலை அங்கே குளிர்காலம். கேரவன் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஓய்வுபெற்றவர்கள் வந்து குவியும் நேரம். அவர்களை இங்கே 'நரைத்த நாடோடிகள்' என்பார்கள்.

முதல் முட்டுக்கட்டை இன்ஷூரன்ஸ். பொதுமக்கள் வந்துபோகிற இடம் என்றால் 2 கோடி டாலருக்குக் காப்பீடு வேண்டும் என்றார் அறைக்காரர். எங்கள் மொத்தப் படங்களையும் விற்றால் ஐயாயிரம் டாலர் தேறாது! விசாரித்ததில் இது எல்லா இடத்திலும் கேட்பதுதானாம். யார் தலையிலாவது படச்சட்டம் விழுந்தாலோ, தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாலோ அதற்கு. எங்கள் குழு பதிவு செய்யாதது. தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. கடைசியில் நாங்கள் உட்காரும் சமூகக்கூடமே கை கொடுத்தது. அவர்கள் பதிவு செய்த அமைப்பு. அவர்கள் பெயரில் நாங்கள் நடத்துவதாக ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். ஒரு சிறு மானியத்துக்கும் அந்தப் பெயரிலேயே விண்ணப்பித்தோம். உங்கள் குழுவும் பதிவு இல்லாதது என்றால் முதல் வேலையாக இப்படி ஒரு நிழலைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வரி. தொழில் எண் இல்லாதவருக்குப் பணம் கொடுக்கும் அமைப்பு 47 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இது எனக்குப் பொழுதுபோக்கு என்று ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். "முப்பது வருசமா தைக்கிறன், இது பொழுதுபோக்காமோ?" என்று கேட்டுக்கொண்டே யாழ்ப்பாணத்து அக்கா கையெழுத்துப் போட்டார்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. நான் நினைத்தே பார்க்காத ஒன்றுதான் இழுத்தது. என்னுடைய புள்ளிகள்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் புள்ளி ஓவியம் யாருடையது என்று இங்கே வந்து ஒரு வருடம் ஆனவருக்கும் தெரியும். 1971இல் பப்புன்யா என்ற ஊரில் பூர்வகுடிப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் வரையத் தொடங்கி, அப்புறம் பலகை, கேன்வாஸ் என்று போய் உலகமெல்லாம் தெரிந்த கலை. அந்தப் படங்களில் இருப்பது அவரவர் நிலமும் அதன் கதையும். எந்தக் கதையை யார் வரையலாம் என்பதற்கு உரிமை உண்டு. வாசலில் யாரும் எந்தக் கோலத்தையும் போட்டுவிட்டுப் போகிற நம் வழக்கம் அங்கே செல்லாது. கூடவே போலிகளின் தொல்லை. நாங்கள் கிளம்புவதற்குச் சில வாரம் முன்புதான், ஜூன் மாதம், இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் மற்றவற்றையும் பூர்வகுடிக் கைவேலை என்று தோன்றும்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு ஃபெடரல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டிருந்தது.

காவி நிறத்தில் வெள்ளைப் புள்ளி. 15 புள்ளி, 8 வரை இடுக்கு. அதைப் பாலைவனத்து ஊரில், பாலைவனத்து ஆட்கள் அல்லாத ஏழு பேர் மாட்டினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? மார்ச்சில் ஆசிரியைதான் இதை மெதுவாக எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. கோலத்துக்கு நான் யாரிடம் அனுமதி கேட்பது, என் பாட்டியிடமா? வீட்டுக்கு வந்து ராத்திரி படங்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். சரி, வெளியூர்க்காரர் பார்வையில் அப்படித்தான் இருந்தது.

கூபர் பீடி இருக்கும் நிலத்தின் மேல் அந்தக்கிரிஞ்ச மட்டு யங்குனிஜட்ஜரா மக்களின் பூர்வ உரிமையை 2011இல் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்த ஊரில் மூத்த பெண்களோடு வேலை செய்யும் ஒருவரின் எண்ணை நர்ஸ் பெண் வாங்கிக் கொடுத்தாள். நான் கோலத்தின் வரலாறு, மார்கழி, அரிசி மாவு, எறும்பு என்று இரண்டு பக்கம் எழுதி, நான்கு போட்டோவும் சேர்த்து அனுப்பினேன். "கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. அப்புறம் ஐந்து வாரம் ஒன்றுமில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை, அப்புறம் ஒரு துக்கம், அப்புறம் எல்லோரும் ஊரில் இல்லை. நினைவூட்டி மின்னஞ்சல் போடக் கை துறுதுறுத்தது. ஒரே ஒரு முறை போட்டேன், அதையும் போட்டிருக்க வேண்டாம்.

மே கடைசியில் தொலைபேசி வந்தது. என் இரண்டு பக்கக் கட்டுரையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. போட்டோவைப் பார்த்த மூத்த பெண்மணி இரண்டு கேள்விதான் கேட்டாராம். யார் சொல்லிக் கொடுத்தது? எந்த ஊரிலிருந்து? என் பாட்டி, கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பதில். மாட்டலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த இரண்டு பதிலையும் எழுதிவிடு. ஊரில் ஒட்டும் போஸ்டரில் மட்டும் கோலம் வேண்டாம். படத்தை மட்டும் பார்த்துவிட்டு, கீழே எழுதியதைப் படிக்காமல் சுற்றுலாக்காரர்கள் அதை இவர்களுடையது என்று நினைத்துக்கொள்வார்கள்.

போஸ்டரில் என் கோலம்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. சுருக்கென்றது. பதிலாகக் காலா கிளி ஏறியது. மூத்தவர் ஒரு வாரம் வானத்தில் பறந்தார்.

ஆனால் எனக்காவது வழி கிடைத்தது. தங்கைக்காரி 'பாலைவனத் தோற்றம் வரட்டுமே' என்று ஒரு நிலக்காட்சியின் வானம் முழுக்கப் புள்ளியாக வைத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதோடு எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார், பயணத்துக்கும் வரவில்லை.

சட்டம் போட்ட படங்களை ஒரு பார்சல் நிறுவனத்தில் போட்டோம். கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் தகடு போடுங்கள். எடையும் குறைவு, உடையாது. என் காகிதங்களைச் சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டேன். ஐந்து பேர், வாடகைக் கார் இரண்டு. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டி கங்காருவில் மோதினால் காப்பீடு கிடையாது என்று வாடகைத் தாளிலேயே இருந்ததால், போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் கிளென்டாம்போவில் பெட்ரோல். அதை விட்டால் அடுத்த 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, போன் சிக்னலும் அநேகமாகக் கிடையாது. "பிள்ளை, தண்ணி எடுத்து வைச்சனியே?" என்று யாழ்ப்பாணத்து அக்கா ஐந்தாவது முறையாகக் கேட்டார். 53 மீட்டர் நீள லாரித் தொடர் ஒன்று எதிரே கடக்கும்போது கார் ஒரு குலுக்கு குலுக்கும். மற்றபடி நேரான நல்ல தார்ச் சாலை. தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஊருக்குள் நுழையும் முன்பே, தோண்டிக் கொட்டிய வெள்ளை மண் மேடுகள் ஆயிரக்கணக்கில். குழிகள் மூடப்படாதவை, பின்னால் நடக்காதே என்று எச்சரிக்கைப் பலகை. போட்டோ எடுக்க இரண்டடி பின்னால் போகிறவர்களுக்காக.

பார்சலில் போட்ட படப் பெட்டி வந்திருக்கவில்லை. கூபர் பீடியில் இறக்காமல் நேராக அலைஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய்விட்டதாம். இன்னும் 690 கிலோமீட்டர் வடக்கே. திரும்பி வர இரண்டு நாள். நாங்கள் மூன்று நாள் முன்கூட்டிப் போயிருந்ததால் பிழைத்தோம்.

சுவர் அடுத்த கதை. குடைகிற இயந்திரத்தின் பற்கள் சுற்றிச் சுற்றிச் சுரண்டிய வரிகள் சுவர் முழுக்க. பார்க்க அழகு, சட்டத்தை வைத்தால் ஆடும். மண் உதிராமல் இருக்க மேலே ஒரு பூச்சு பூசியிருந்தார்கள். ஒட்டும் நாடா பட்டால் பூச்சு உரிந்து வரும், அதனால் நாடா கூடாது. ஆணி அடித்தால் மணற்கல் பொலபொலவென்று கொட்டுகிறது. துளை போடலாமா என்று தயங்கித் தயங்கி அறைக்காரரிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற வயதான சுரங்கக்காரர் சிரித்துவிட்டார். "ஊரே துளைதானம்மா" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வீட்டிலிருந்து டிரில்லைக் கொண்டுவந்தார். 22 துளை. ஒவ்வொன்றிலும் மரக்குச்சியை இறுக்கி அடித்து, அதில் கொக்கி, கொக்கியில் மெல்லிய சங்கிலி. சட்டம் ஆடாமல் இருக்கக் கீழ் மூலைகளுக்குப் பின்னால் ஒயின் பாட்டில் கார்க்கைச் சீவி வைத்தது பல் மருத்துவரின் கைங்கரியம். அளவெடுத்து, சீவி, வைத்துப் பார்த்து, எடுத்து மறுபடி சீவி. பல் கட்டுகிற பொறுமை. அன்று குடித்த தேநீரில் எல்லாம் மண்.

வெள்ளிக்கிழமை மாலை திறந்தோம். முப்பது பேர் இருக்கும். நாடோடிகள் காலாவைப் பார்த்ததும் உருகிவிட்டார்கள். ஆறு கிளிகள் முதல் நாளே போயின. மருத்துவமனையிலிருந்து வந்த கேரளத்து நர்ஸ் ஒருவர் என் படத்தின் முன்னால் நின்று, "அம்மே, கோலம்!" என்றார். என்னுடையதில் விற்ற ஒரே படம் அவருக்குத்தான்.

மூன்றாம் நாள் காலை கூட்டமில்லாத நேரத்தில் அந்த மூத்த பெண்மணி வந்தார். கூட இரண்டு பேத்திகள். மெதுவாக ஒரு சுற்று. நூல் வேலையின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். அக்காவும் அவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துத் துணியைத் திருப்பி, பின்பக்கத்துத் தையலைப் பார்த்தார்கள். என் கோலங்களிடம் வந்ததும் விலைச்சீட்டைக் காட்டி, இதை உன் பாட்டி விற்றாரா என்று கேட்டார். இல்லை, தரையில் போடுவார், சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும் என்றேன். "அப்படியானால் தரையில் போடு."

வெளியே போனோம். அரிசி மாவு ஏது? சுரங்க மேட்டின் வெள்ளைப் பொடியையே அள்ளிக்கொண்டேன். கோல மாவு மாதிரி விரலிடுக்கில் வழுக்கி இறங்கவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. காற்று வேறு. ஏழு புள்ளி வைத்து நான்காம் வரிசைக்கு வருவதற்குள் முதல் வரிசையைக் காணவில்லை. பேத்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிழவி குனிந்து, பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு உள்ளங்கையால் மண்ணைத் தடவிச் சமன் செய்தார். நாம் வாசல் பெருக்கித் தெளிக்கிற அதே அக்கறை. ஒரு வளைந்த கம்பியால் தட்டிக்கொண்டே அவர் மொழியில் ஏதோ சொல்லி, விரலால் கோடிழுத்து, மறுபடி உள்ளங்கையால் அழித்து, மறுபடி இழுத்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் முறை அது. மில்பட்ஜுனன்யி என்று பெயர். கதை பேத்திகளுக்கானது, எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வெளியே எடுக்கவும் தோன்றவில்லை. முடித்ததும் "பல்யா" என்று எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு போனார். அவர்கள் மொழியில் 'சரி, நல்லது' எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

கணக்கு: விற்றது ஒன்பது. மானியம், விற்பனை இரண்டும் போக ஆளுக்கு 140 டாலர் கையிலிருந்து போனது. மானியம் தந்தவர்களுக்கு எல்லா ரசீதையும் காட்ட வேண்டும். பெட்ரோல் ரசீது வெயிலில் வெளுத்துப்போகும், வாங்கியதுமே போட்டோ எடுத்துவிடுங்கள். தங்கைக்காரி நவம்பரில் எங்களோடு பேச ஆரம்பித்தார். புள்ளி வானத்தின்மேல் மேகம் பூசிவிட்டிருக்கிறார், நன்றாகவே இருக்கிறது.

பார்சல் நிறுவனம் மட்டும் அலைஸ் ஸ்பிரிங்ஸ் வரை போய் வந்ததற்குத் தனியாக ஒரு பில் அனுப்பியது. முகவரி தெளிவாக இல்லையாம். அக்கா தடித்த மார்க்கரால் அந்தப் பில்லின் பின்பக்கத்தில் 'கூபர் பீடி' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் பில் வரவில்லை.